‘அவளுக்கு அதுதான் நல்லா வரும்’ என்கிற ஏமாற்று

மேலாண்மைப் பயிற்சி வகுப்பு எந்த ஊரில் நடந்தாலும், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் 517-ஆம் குறள் வந்துவிடுகிறது. மதுரை ஓட்டல் ஹாலாக இருந்தாலும் சரி, ராஜபாளையம் பக்கம் ஏதாவது கல்லூரி அரங்கமாக இருந்தாலும் சரி. யாரால் எது முடியும் என்று பார்த்து வேலையை ஒப்படைக்கச் சொல்லும் குறள் அது. “ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே வள்ளுவர் சொல்லிட்டார்” என்பார் பயிற்சியாளர். கைதட்டுவார்கள். அடுத்த ஸ்லைடில் மீன், குரங்கு, யானை எல்லாம் ஒரு மரத்தின் முன் வரிசையாக நிற்கும். மீனை மரம் ஏறச் சொல்லாதே என்பது பாடம். ஐன்ஸ்டைன் சொன்னது என்று கீழே போட்டிருக்கும். அவர் அப்படிச் சொன்னதற்கு எந்தச் சான்றும் கிடையாது. அது போகட்டும்.

இந்தப் பாடத்தைத்தான் இன்று எல்லோரும் நம்புகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பலம் உண்டு, அதைக் கண்டுபிடி, அந்த வேலையை மட்டும் கொடு, வராததைக் கற்றுக்கொடுத்து நேரத்தை வீணாக்காதே. மார்க்கஸ் பக்கிங்ஹாமும் டொனால்ட் கிளிஃப்டனும் 2001-ல் எழுதிய புத்தகம் இதை உலகம் முழுக்கப் பரப்பியது. கேலப் நிறுவனத்தின் தேர்வு மனிதர்களின் பலத்தை 34 வகையாகப் பிரித்துக் கையில் கொடுத்துவிடும். ஐ.டி. கம்பெனி முதல் பஞ்சாயத்து அலுவலகம் வரை, ஆளை வைத்து வேலை வாங்குகிற எவரும் இதை மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. கேட்பதற்கு நியாயமாகவும் கருணையாகவும் இருக்கிறது. ஆனால் இது அரை உண்மை, அதிலும் நம் மண்ணில் பெருந்தீங்கு செய்த அரை உண்மை.

மனிதர்கள் மீனாகவும் குரங்காகவும் பிறப்பதில்லை. யாருக்கு எது வரும் என்பதில் முக்கால்வாசி, யாருக்கு எதைச் செய்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தது என்பதுதான். வள்ளுவருக்கும் இது தெரியும். பயிற்சியாளர்கள் எடுத்துக்காட்டும் ‘தெரிந்து வினையாடல்’ அதிகாரத்திலேயே, அந்தக் குறளுக்கு மூன்று குறள் முன்னால், 514-ல், எவ்வளவு சோதித்துத் தெளிந்தாலும் வேலையில் இறங்கியபின் வேறு ஆளாகிவிடுகிறவர்கள் பலர் என்று அவர் எச்சரித்திருக்கிறார். அதை எந்த ஸ்லைடிலும் பார்க்க முடியாது.

எதிர்த்தரப்பின் வலுவான இடத்திலிருந்தே தொடங்குகிறேன். தென்னந்தோப்பைவிட அவர்களுக்கு வலுவான இடம் கிடையாது.

விருதுநகர் மாவட்டத்துக் கூமாப்பட்டியை இப்போது யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2025-ல் ஒரு செல்போனும் ஒரு “ஏங்க”வும் அந்த வேலையை முடித்துவிட்டன. (ஊரின் பலம் என்ன என்று அதற்கு முந்தின வருஷம் கேட்டிருந்தால் தென்னை, நெல், மா என்று சொல்லியிருப்பார்கள். பேச்சு என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.) ரீல்ஸ் பார்த்து வந்தவர்கள் பிளவக்கல் அணைத் தண்ணீரைத் தேடிப் போனார்கள். வழியில் இரண்டு பக்கமும் இருந்த தோப்புகளில் காய் வெட்டு நடந்துகொண்டிருந்தால் அதையும் நின்று பார்த்திருக்கலாம்.

வெட்டுக்கு வருவது ஒரு சின்ன குழு. ஒருவர் மரம் ஏறுவார். கால் தளையும் இடுப்பில் அரிவாளும்தான் அவர் சாமான். கீழே விழும் காயைப் பெண்கள் பொறுக்கி ஓரிடத்தில் குவிப்பார்கள். கடப்பாரையை நட்டு மட்டை உரிக்க ஒருவர் அல்லது இருவர். எண்ணுவதற்கு ஒருவர், அவர் பெரும்பாலும் வியாபாரியின் ஆள். வண்டியில் ஏற்ற இன்னொருவர். ஏறுகிறவர் உரிக்க மாட்டார், உரிக்கிறவர் எண்ண மாட்டார், பொறுக்குகிற பெண் இவற்றில் எதையும் செய்ய மாட்டாள். அவரவருக்கு வருவதை அவரவர் செய்கிறார்கள். எவ்வளவு சுத்தமாக நடக்கிறது பாருங்கள் என்று பயிற்சியாளர் வீடியோ எடுத்துக் காட்டலாம்.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். உரிக்கிறவர் ஒரு காயைக் கடப்பாரையில் குத்தித் திருகும்போதே அது முற்றிய நெற்றா, இன்னும் இரண்டு மூன்று வாரம் மரத்தில் இருந்திருக்க வேண்டியதா என்று கையில் தெரிந்துவிடும். முற்றாத காயில் மட்டை ஒட்டிக்கொண்டு வரும், பருப்பும் கட்டியிருக்காது, வியாபாரி கழித்துத் தள்ளுவார். எந்தக் குலையை அவசரப்பட்டு வெட்டினோம் என்று மேலே இருப்பவருக்குத் தெரிய வேண்டிய விஷயம் இது. அவருக்கு அது வந்து சேருவதே இல்லை. அவர் அடுத்த மரத்தில் இருப்பார். மேலே இருப்பவர் பார்ப்பது வேறு. குருத்தோலை கத்தரித்தாற்போல் முக்கோணமாக வெட்டுப்பட்டிருந்தால் காண்டாமிருக வண்டு குடைந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தோப்புக்காரருக்குத் தெரிய வேண்டிய விஷயம் அது. ஏறுவதற்குத்தான் கூலி, பார்த்ததைச் சொல்வதற்குக் கூலி இல்லை என்பதால் பல நேரம் அது அவரோடேயே போய்விடுகிறது. ஒரு காயின் முழுக் கதை தெரிந்த ஆள் அந்தக் குழுவில் ஒருவர்கூட இல்லை. பலத்தைப் பார்த்து வேலையைப் பிரித்ததில் அறிவும் சேர்ந்து பிரிந்துபோனது.

ஏறுகிறவருக்குக் காய்ச்சல் என்றால் என்ன ஆகும்? வெட்டு நின்றுவிடும். மற்ற ஐந்தாறு பேருக்கும் அன்று கூலி கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தென்னை வைத்திருக்கிற எல்லா ஊரிலும் டீக்கடையில் கேட்கிற புலம்பல் ஒன்றே ஒன்று, மரம் ஏற ஆள் இல்லை. ஏன் இல்லை? ஏறுவது சில குடும்பங்களின் பலம் என்று ஊரே முடிவுகட்டி வைத்திருந்தது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கப் போனார்கள், திருப்பூருக்குப் போனார்கள். போனது நல்ல காரியம். மிச்சமிருந்த யாரும் ஏறக் கற்றுக்கொள்ளவில்லை. “அது அவங்களுக்குத்தான்யா வரும்” என்று சொல்லியே காலத்தை ஓட்டினோம்.

2011-ல் தென்னை வளர்ச்சி வாரியம் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்று ஒரு பயிற்சியைக் கேரளத்தில் தொடங்கியது. காலால் மிதித்து ஏறும் கருவி ஒன்றை வைத்து ஆறு நாள் பயிற்சி. கருவியை வடிவமைத்தது கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் என்ற விவசாயி. அந்தப் பயிற்சிக்குப் பெண்களும் வந்தார்கள், ஏறினார்கள். தலைமுறை தலைமுறையாக ரத்தத்தில் வருவது என்று நம்பிய ஒரு திறமை ஆறு நாளில் கற்றுக்கொள்ளக்கூடியதாக இருந்தது. தளை போட்டு ஏறும் பழைய கைக்காரரின் வேகம் ஆறு நாளில் யாருக்கும் வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வி வேகம் பற்றியதே அல்ல. பொறுக்கிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து “உனக்கு ஏற வருமா?” என்று அத்தனை தலைமுறையில் ஒருவர்கூட ஏன் கேட்கவில்லை என்பதுதான் கேள்வி.

பதில் எல்லோருக்கும் தெரியும். திறமைக்கு ஏற்ற வேலை என்ற பேச்சு நமக்குக் கேலப் சொல்லி வந்ததல்ல. குயவருக்கு மண் வரும், நெசவாளருக்கு நூல் வரும், நீர்ப்பாய்ச்சிக்கு மடை தெரியும் என்று ஊர் முழுவதையும் பலம் பார்த்துப் பிரித்துப் போட்டு ஆயிரம் வருஷத்துக்கு மேல் நடத்திக் காட்டியவர்கள் நாம். வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்பவர்களைப் பிரிப்பது வேறு என்று அம்பேத்கர் 1936-லேயே ‘சாதி ஒழிப்பு’ உரையில் பிரித்துக் காட்டினார். பயிற்சி வகுப்புக்கு வருகிறவர்களுக்குப் படிக்கக் கொடுக்க வேண்டியது அந்த உரையை. வேலைப் பிரிவினை இல்லாமல் எந்தக் காரியமும் நடக்காது. அந்தப் பிரிவினை ஆள்மேல் ஒட்டிக்கொண்டு, அவன் பிள்ளைமேலும் ஒட்டிக்கொள்ளும்போதுதான் விஷமாகிறது. அலுவலகத்தில் பிள்ளைவரைக்கும் போவதில்லை, உண்மைதான். பணி ஓய்வு வரைக்கும் போகிறது.

விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் இதை மறக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1953-ல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். இடப்பற்றாக்குறை உள்ள பள்ளியில் இரண்டு வேளையும் வகுப்பு வைத்து இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று அதற்கும் ஒரு நியாயம் சொன்னார்கள். நியாயம் இல்லாமல் எந்தத் திட்டமும் வருவதில்லையே. எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்றார்கள், அந்தப் பெயர்தான் நின்றது. 1954 ஏப்ரலில் முதலமைச்சரான விருதுநகர் காமராஜர் அதே ஆண்டு அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

காமராஜரையே பயிற்சியாளர்கள் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக அழைப்பார்கள் என்பதும் தெரியும். தலைவர் தேர்தலில் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் எட்டுப் பேர் கொண்ட தன் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார் அல்லவா, திறமையை மதித்தார் அல்லவா என்பார்கள். மதித்தார், மறுக்கவில்லை. ஆனால் அதே எட்டுப் பேரில் ஒருவரை வசதியாக விட்டுவிடுகிறார்கள். தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பி. பரமேஸ்வரனிடம் இந்து அறநிலையத் துறையைக் கொடுத்தார் காமராஜர். கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களிலிருந்து வந்தவர் கோயில்களை நிர்வகிக்கும் துறைக்கு அமைச்சர். எந்தப் பலத் தேர்வு அந்தப் பெட்டியில் அவர் பெயரைப் போட்டிருக்கும்? அனுபவம் யாருக்கு இருக்கிறது என்று மட்டும் பார்த்திருந்தால் பரம்பரை அறங்காவலர் குடும்பம் ஒன்றுக்குத்தான் அது போயிருக்கும். ஒருவரை எங்கே வைத்தால் அவரும் மாறுவார், அந்த இடமும் மாறும் என்று கணக்குப் போட்ட தலைமை அது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், பள்ளிக்கூடங்களை ஊர் ஊராகத் திறந்தார் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். சான்றிதழைப் பார்த்துத் துறை பிரித்திருந்தால் கல்விப் பேச்சு பேசவே அவரை விட்டிருக்க மாட்டார்கள்.

இனி கசப்பான பகுதி. பலம் என்று ஒன்றை ஒருவர்மேல் ஒட்டிவிட்டால், அடுத்து அதற்குக் குறைந்த விலையும் ஒட்டப்படும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் சிவகாசி. அங்கே தீப்பெட்டியிலும் பட்டாசிலும் பிள்ளைகளை வேலைக்கு வைத்ததற்கு ஊரும் முதலாளிகளும் பல வருஷம் சொன்ன காரணம், சின்ன விரலுக்குத்தான் அந்த வேலை வரும் என்பது. வறுமை, மழையில்லா பூமி என்பதெல்லாம் அதற்கு அடுத்துத்தான் வரும். சுப்ரீம் கோர்ட்டே ஒரு கட்டத்தில் இந்தப் பேச்சில் மயங்கியது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996-ன் இறுதித் தீர்ப்புக்குச் சில ஆண்டுகளுக்கு முன் வந்த தீர்ப்பில், தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்கும் வேலைக்குப் பிள்ளைகளின் இளங்கை பொருத்தமானது என்றும், ஆபத்தான பகுதியிலிருந்து தள்ளி அதில் அவர்களை வைத்துக்கொள்ளலாம் என்றும் நீதிமன்றம் கருதியது. அந்தச் சிறப்புத் திறமையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு என்ன கூலி கொடுக்கச் சொன்னது? அதே வேலைக்குப் பெரியவர் வாங்கும் குறைந்தபட்சக் கூலியில் 60 சதவீதத்துக்குக் குறையாமல். இன்னொரு முறை படித்துப் பாருங்கள். திறமை கூடுதல், கூலி குறைவு. 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பில்தான் ஆபத்தான தொழிலில் பிள்ளைகளை வைத்திருந்த முதலாளி ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிலை வந்தது.

சிவகாசியோடு இது முடியவில்லை. வத்திராயிருப்பு வயலில் நாற்று நடுவது பெண்கள் வேலை. குனிந்து, பின்னால் நகர்ந்து, ஒரே அளவு இடைவெளியில் நாள் முழுக்க நடுவது பொம்பளைக் கைக்குத்தான் வரும் என்று ஆம்பளைகள் வரப்பில் நின்று பாராட்டுவார்கள். அவ்வளவு அருமையான கை என்றால் வரப்பு வெட்டுகிறவரைவிட நடுகிறவளுக்குக் கூலி கூட இருக்க வேண்டும். எந்த ஊரில் இருக்கிறது? சம ஊதியச் சட்டம் 1976-ல் வந்தது. வயலுக்கு அது வரும் வழியில் எங்கேயோ தங்கிவிட்டது.

நூல் மில்லிலும் இதே கதைதான். ராஜபாளையம் பஞ்சாலை ஊர். புளோ ரூமில் பஞ்சு உடைந்து, கார்டிங், டிராயிங், சிம்ப்ளக்ஸ் தாண்டி ஸ்பின்னிங் வரும்போதுதான் அது நூல். ஸ்பின்னிங்கில் சைடு (மெஷினின் ஒரு பக்கம்) பார்க்கும் பெண் வரிசை நெடுகிலும் நடந்துகொண்டே இருப்பாள். அறுந்த இழையைக் கண் எங்கிருந்தோ பிடித்துவிடும், கை போய்ப் பிணைத்துவிடும், கால் நிற்காது. புதிதாகப் பார்க்கிறவனுக்கு அவள் என்ன செய்தாள் என்றே தெரியாது. இது பெண்ணின் பிறவிக் குணம் என்பார்கள். டயான் எல்சனும் ரூத் பியர்சனும் 1981-ல் எழுதிய ஒரு கட்டுரை இந்த வாதத்தைத் துண்டு துண்டாக்கியது. ஏற்றுமதி ஆலைகளில் பெண்களின் விரல் வேகம் பிறவியில் வந்ததில்லை, சிறு வயதிலிருந்து வீட்டில் தையலிலும் அடுப்படியிலும் பழகிப் பழகி வந்தது என்றார்கள் அவர்கள். வீட்டில் அம்மா கொடுத்த பயிற்சிக்குச் சான்றிதழ் கிடையாது. அதனால் அது திறமையாக எழுதப்படுவதில்லை, இயல்பாக எழுதப்படுகிறது. இயல்புக்கு எதற்குக் கூடுதல் சம்பளம்? அந்தப் பெண்ணை ஃபிட்டராக்கலாமே, மெஷின் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொடுக்கலாமே என்று கேட்டால் அன்போடு பதில் வரும். “சைடு அவ பார்த்தாத்தான் சரியா இருக்கும்ங்க. அவளுக்கு அதுதான் நல்லா வரும்.” நன்றாகச் செய்ததற்குத் தண்டனை, அதே இடம்.

ஆபீஸில் வேலை செய்கிறவர்களுக்கு இது புரியாமல் போகாது. எக்ஸெல் நன்றாகப் போடும் பெண் எக்ஸெல்லிலேயே கிழவியாவாள். இங்கிலீஷ் பேசுகிறவன் கிளையன்ட் மீட்டிங்குக்குப் போய்ப் போய் மேனேஜர் ஆவான். இரண்டு பேருக்கும் அவரவர் பலத்துக்கேற்ற வேலைதான் கொடுத்தார்கள். ஒரு பலத்துக்கு ஏணி இருந்தது, இன்னொன்றுக்கு இல்லை. எந்தப் பலம் யாருக்கு வாய்த்தது என்று விசாரித்தால் எந்தப் பள்ளி, எந்த அப்பா என்று போய் முடியும்.

மில்லைப் பற்றிப் பேசும்போது டாய்ச்சி ஓனோவைச் சொல்லாமல் விட முடியாது. டொயோட்டா கார் உற்பத்தி முறையை உருவாக்கியவர் என்று உலகமே கொண்டாடும் அந்த ஆள் 1932-ல் வேலைக்குச் சேர்ந்தது டொயோடா நூற்பு நெசவு ஆலையில். 1943-ல்தான் கார் கம்பெனிக்கு மாறினார். மில்லில் ஒரு தொழிலாளி பல மெஷின் பார்ப்பார். கார் கம்பெனியில் லேத்துக்காரர் லேத்து மட்டும், டிரில்காரர் டிரில் மட்டும். ஓனோ மெஷின்களை லாட வடிவில் மாற்றி வைத்து, ஒருவரே வேறு வேறு மெஷின்களைப் பார்க்கும்படி பழக்கினார். கைதேர்ந்த பழைய தொழிலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் பயம் வெறும் பிடிவாதம் இல்லை. எல்லா வேலையும் தெரிந்த ஆள் என்றால் குறைந்த ஆளை வைத்து அதிக வேலை வாங்கிக்கொள்ளலாம் என்பதும் அதில் இருந்தது, இருக்கிறது. நம்மூர் முதலாளி ஒருவர் ‘ரொட்டேஷன்’ என்று சொன்னால் சம்பளத்தை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. ஆனால் பாடம் மறுக்க முடியாதது. அடுத்தவர் மெஷினைப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் குறை எங்கே தொடங்குகிறது என்று தெரியும். கடப்பாரை பிடிப்பவர் ஒரு நாளாவது மரம் ஏறியிருந்தால் தோப்பிலும் அது நடந்திருக்கும்.

கிரிக்கெட் உதாரணம் சொன்னால்தான் சிலர் ஒத்துக்கொள்வார்கள், சொல்லிவிடுகிறேன். 2021 ஜனவரி, பிரிஸ்பேன். காயத்தால் பாதி அணி வெளியே. வலைப்பயிற்சியில் பந்து போடத் தங்கவைத்திருந்த வாஷிங்டன் சுந்தருக்கும் நடராஜனுக்கும் டெஸ்ட் தொப்பி கிடைத்தது. ஆஸ்திரேலியா 369. இந்தியா 186-க்கு 6 விக்கெட். அப்போது பந்துவீச எடுத்த சுந்தரும் பந்துவீச எடுத்த ஷர்துல் தாக்கூரும் சேர்ந்து 123 ரன் அடித்தார்கள். சுந்தர் 62, தாக்கூர் 67. 1988-க்குப் பிறகு அந்த மைதானத்தில் ஆஸ்திரேலியா தோற்றதே இல்லை, அன்று தோற்றது. ‘உன் பலம் பந்துவீச்சு, மட்டையைக் கீழே வை’ என்று சிறு வயதில் யாரும் சுந்தரிடம் சொல்லிவைக்கவில்லை. சொல்லியிருந்தால் தொடர் அங்கேயே கையை விட்டுப் போயிருக்கும். அணி தோற்பது பெரும்பாலும் எல்லோரும் நலமாக இருக்கும் நாளில் இல்லை. இருக்க வேண்டிய ஆள் இல்லாத நாளில். பலம் பார்த்துப் பிரித்த குழுவுக்கு அந்த நாளுக்கான ஏற்பாடே கிடையாது.

மகளிர் சுயஉதவிக் குழுக்களில் அந்த நாள் அடிக்கடி வரும். 1989-ல் தர்மபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் (ஐஃபேட்) உதவியோடு தொடங்கிய இந்த இயக்கம் இன்று கூமாப்பட்டி மாதிரி எந்த ஊரிலும் இருக்கிறது. பன்னிரண்டு முதல் இருபது பேர், ஒரு ஊக்குநர், பிரதிநிதிகள், சேமிப்பு, உள்கடன், தீர்மான நோட்டு. பொறுப்புகளைச் சுழற்சியாக மாற்ற வேண்டும் என்று குழு தொடங்கும்போதே சொல்லித்தான் தருகிறார்கள். நடப்பது என்ன? பத்தாவது வரை படித்த ஒரு அக்கா நோட்டு எழுதத் தொடங்குவார். நல்ல கையெழுத்து, கூட்டல் தப்பாது. அடுத்த வருஷமும் அவரே. அதற்கடுத்த வருஷமும். பேங்க் மேனேஜருக்குத் தெரிந்த முகம் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் சுட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். “அக்காதான் கரெக்டா எழுதும், எங்களுக்கு அதெல்லாம் வராது” என்று சிரிப்பார்கள். ஐந்தாறு வருஷத்தில் இரண்டில் ஒன்று நடக்கும். அக்கா மகள் பிரசவத்துக்குச் சென்னை போவார், கடன் விண்ணப்பம் மூன்று மாதம் கிடக்கும். இல்லையென்றால் “கணக்கு அவகிட்டதான இருக்கு” என்று யாரோ ஒருத்தி முணுமுணுக்க, ஒரு பைசா தொடாத அந்த மனுஷி அழுதுகொண்டே நோட்டைக் கூட்டத்தின் நடுவே வைத்துவிட்டுப் போவார். பலத்தைப் பயன்படுத்தியதில் பலமுள்ளவரும் கெட்டார், குழுவும் கெட்டது. எட்டாவதோடு நின்ற பெண்ணுக்கு மாதம் ஒரு பக்கம் எழுதப் பழக்கியிருந்தால் ஒரு வருஷம் ஆகியிருக்கும். கூட்டல் சில தடவை தப்பியிருக்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் மின்கம்பத்தில் யாரை வேண்டுமானாலும் ஏற்றிவிடுவாயா, ஆபரேஷன் தியேட்டரில் ரொட்டேஷன் வைப்பாயா என்று கேட்பார்கள். மாட்டேன். ஆபத்து உள்ள இடத்தில் இன்றைக்குத் தெரிந்தவர்தான் ஏற வேண்டும். தோப்பிலும் அப்படித்தான், தளை கட்டத் தெரியாதவனை ஏற்றிவிட்டு வேடிக்கை பார்ப்பது கொலை. இன்றைய வேலையை யார் செய்வது என்பதும், நாளைய வேலையைக் கற்றுக்கொள்ள யாருக்கு உரிமை என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். பலம் பேசும் கட்சி முதல் கேள்விக்கான சரியான பதிலை எடுத்துப் போய் இரண்டாவதின் வாயை அடைக்கிறது. அறுவைச் சிகிச்சை செய்யும் டாக்டரும் ஒரு காலத்தில் கை நடுங்கித் தையல் போட்ட மாணவர்தான். அவரை யாரோ கற்க விட்டார்கள்.

எல்லோரும் எல்லாவற்றிலும் ஒரே அளவு வருவார்கள் என்றும் நான் சொல்லவில்லை. வர மாட்டார்கள். சிலருக்கு எவ்வளவு பழக்கினாலும் கணக்கு ஓடாது, சிலருக்குக் கூட்டத்தில் பேச நா எழாது. செய்து பார்த்த பிறகு அப்படித் தெரிய வந்தால் அது செய்தி. செய்து பார்க்க விடாமலேயே சொன்னால் அது தீர்ப்பு. நம் குழுக்களில் செய்தி குறைவு, தீர்ப்புதான் அதிகம்.

கற்றுக்கொள்ள விட்டால் மட்டும் போதாது. ‘தெரிந்து வினையாடல்’ அதிகாரத்தின் 518-ஆம் குறள் இன்னும் ஒரு படி போகிறது. ஒருவர் ஒரு வேலைக்குத் தக்கவர் என்று கண்டுவிட்டால் அவரை அதற்கு உரியவராக ஆக்கிவிட வேண்டும் என்பது அதன் கருத்து. வேலையைக் கொடுத்தால் தீர்ந்தது என்றில்லை, அந்த வேலைக்குரிய இடத்தையும் கொடுக்க வேண்டும். நாற்று நடுகிறவள் கையைப் புகழ்ந்துவிட்டு வரப்பு வெட்டுகிறவனுக்குக் கூடுதல் கூலி கொடுப்பது அந்தக் குறளுக்கு நேர்விரோதம்.

ஆட்களை வைத்து வேலை வாங்குகிற இடத்தில் நீங்கள் இருந்தால், அது மில்லோ ஆபீஸோ தோப்போ மகளிர் குழுவோ எதுவாக இருந்தாலும், ஐந்து வருஷத்துக்கு மேல் ஒரே வேலையை நன்றாகச் செய்துகொண்டிருப்பவர் யார் என்று இந்த வாரம் பாருங்கள். அவருக்கு அடுத்து எதைக் கற்க ஆசை என்று அவரிடமே கேளுங்கள். அதைக் கற்க வேலை நேரத்திலேயே நேரம் ஒதுக்குங்கள், ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லாதீர்கள். அவர் வேலையைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள், சொல்லிக்கொடுத்ததற்கும் கூலி போடுங்கள். அவர் புது வேலையைக் கற்று முடித்த மாதத்திலிருந்து சம்பளத்தை மாற்றுங்கள்.